மரத்தின் தூரும் வேலியின் காலும்: களை வெட்டும்போது அடிபடாமல் காப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நைலான் நரம்பு சுழன்று களை வெட்டும் மிஷினைப் பற்றித்தான் இங்கே பேச்சு. பிரஷ் கட்டர், டிரிம்மர், புல் வெட்டும் மிஷின் என்று ஆளுக்கு ஒரு பெயர் சொல்வார்கள். அதைக் கையில் எடுத்தவர்களில் ஒரு மரத்தையாவது சிராய்க்காதவர் அரிது, நானும் விலக்கில்லை. என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், நானே பட்டுத் தெரிந்துகொண்டதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

வெறும் நைலான் நரம்புதானே, அது போய் மரத்தை வெட்டுமா?

வெட்டும். நரம்பு சுற்றும் வட்டத்தின் குறுக்களவு 40 செ.மீ., நிமிடத்துக்கு 7,000 சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். நரம்பின் நுனி மணிக்கு 500 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ஒரே இடத்தில் அடித்தால் இளம் மரத்தின் பட்டை இரண்டு மூன்று நொடியில் கிழிந்துவிடும். முற்றிய மரத்தின் தடித்த பட்டை தாங்கும்தான், ஆனால் மாதாமாதம் அதே உயரத்தில் அடித்துக்கொண்டிருந்தால் அதுவும் தேய்ந்து உள்ளே போகும்.

வேடிக்கை என்னவென்றால், 1971-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர் இந்த மிஷினை யோசித்ததே மரத்தின் பட்டைக்கு அடிபடாமல் புல்லை வெட்டத்தான். கார் கழுவும் இடத்தில் சுழலும் நைலான் தூரிகைகள் காரின் பெயிண்டைக் கெடுக்காமல் அழுக்கை மட்டும் எடுப்பதைப் பார்த்து வந்த யோசனை அது. இரும்பு பிளேடோடு ஒப்பிட்டால் அவர் நினைத்தது சரிதான். நைலான் என்றால் ஒன்றும் ஆகாது என்று நாம் நம்பி மரத்தை ஒட்டிக் கொண்டுபோவதில்தான் கோளாறு.

கொஞ்சம் பட்டை உரிந்தால் மரத்துக்கு என்ன ஆகிவிடும்?

வெளியே கரடுமுரடாகத் தெரியும் பட்டை மேல்சட்டை மாதிரி. அதற்கு அடியில் ஈரமாக இருக்கும் உள்பட்டை வழியாகத்தான் இலை சமைத்த உணவு வேருக்கு இறங்குகிறது. அதற்கும் உள்ளே மிக மெல்லிய ஒரு வளர்படலம், தாளைவிடத் தடிமன் குறைவு, மரம் பருப்பதே அதனால்தான். அதையும் தாண்டி இருக்கும் மரக்கட்டை வழியாக வேரிலிருந்து தண்ணீர் மேலே ஏறுகிறது.

நரம்பு அடித்தால் உள்பட்டையும் வளர்படலமும் போய்விடும், கட்டை மட்டும் நிற்கும். அதனால் தண்ணீர் மேலே போய்க்கொண்டே இருக்கும், இலை பச்சையாகவே இருக்கும், நீங்களும் ஒன்றும் ஆகவில்லை என்று நிம்மதியாக இருப்பீர்கள். வேர் மட்டும் சாப்பாடு இல்லாமல் பட்டினி கிடக்கும். நான் வைத்த ஒரு எலுமிச்சைக்கு இதுதான் நடந்தது. தூரைச் சுற்றிக் கிட்டத்தட்ட முழு வளையமாகப் பட்டை போயிருந்ததை நான் கவனிக்கவே இல்லை, புல் மறைத்துக்கொண்டிருந்தது. பல மாதம் நன்றாக இருந்து, பூக்கூடப் பூத்தது. அடுத்த வெயிலில் ஒரு வாரத்தில் கருகிவிட்டது. தண்ணீர் பற்றவில்லையோ, பூச்சியோ, உரம் அதிகமோ என்று எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன். கடைசியில் வேரோடு பிடுங்கிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, பூச்சி நான்தான்.

அடிபட்ட மரம் பிழைக்குமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தூரின் சுற்றளவில் எத்தனை பங்கு பட்டை போயிருக்கிறது என்று பாருங்கள். காயத்தின் உயரம் பெரிய விஷயமில்லை, குறுக்கு அகலம்தான் கணக்கு. கால் பங்குக்குள் என்றால் பெரும்பாலும் தேறிவிடும். பாதியை நெருங்கினால் சில கிளைகள் மெலியும், வளர்ச்சி தடைபடும். பாதிக்கு மேல் போனால் கஷ்டம். முழு வளையம் என்றால் சில வகை மரங்கள் காயத்துக்குக் கீழிருந்து புதிதாகத் துளிர்க்கும், மற்றவை போய்விடும். ஒட்டுக்கன்றாக இருந்தால் அந்தத் துளிர் ஒட்டுக்குக் கீழிருந்து வந்ததா என்று பாருங்கள். அப்படியென்றால் வளர்வது நீங்கள் ஆசைப்பட்டு வைத்த ரகம் இல்லை, வெறும் வேர்ச்செடி.

காயத்தில் தார், பெயிண்ட், சிமெண்ட் எதையாவது பூசலாமா?

வேண்டாம். நம் தோல் ஆறுவது மாதிரி மரம் ஆறுவதில்லை. செத்த இடத்தில் புதுத் திசு வராது. கெட்ட பகுதியைச் சுற்றி உள்ளேயே சுவர் எழுப்பி அழுகல் பரவாமல் அடைத்துவிட்டு, ஓரத்திலிருந்து புதுக் கட்டையைச் சுருட்டி வளர்த்து மேலே மூடும். ஆயிரக்கணக்கான மரங்களை அறுத்துப் பார்த்து இதை விளக்கியவர் அலெக்ஸ் ஷைகோ என்ற அமெரிக்க மரநோய் அறிஞர். மேலே பூசும் எதுவும் அந்த வேலைக்கு உதவாது, சில பூச்சுகள் ஈரத்தை உள்ளே பிடித்துவைத்து அழுகலுக்கு வசதி செய்து கொடுக்கும்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: கிழிந்து நாராய்த் தொங்கும் செத்த பட்டையைக் கூர்மையான கத்தியால் ஓரம் சுத்தமாக வெட்டி விடுங்கள், நல்ல பட்டையைத் தோண்டாதீர்கள். வறண்ட காலத்தில் சீராகத் தண்ணீர் விடுங்கள். பாவம் என்று உரத்தைக் கொட்ட வேண்டாம், வேரே பட்டினியில் இருக்கும்போது அது கூடுதல் சுமை.

அடிபட்டு சில நிமிடம்தான் ஆகிறது, பட்டை முழுதாகப் பெயராமல் ஈரத்தோடு தொங்குகிறது என்றால் மட்டும் ஒரு முயற்சி செய்து பார்க்கலாம். அதை அப்படியே பழைய இடத்தில் அழுத்தி வைத்து, ஈரத்துணி சுற்றி, மேலே பிளாஸ்டிக் தாளால் கட்டி, வெயில் படாமல் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் பிரித்துவிட வேண்டும். ஒட்டிக்கொண்டால் அதிர்ஷ்டம். மறுநாள் போய்ச் செய்தால் பலனில்லை.

தென்னை, பனை, பாக்கு எல்லாம் உறுதியான மரம்தானே, அவற்றுக்குமா?

அவற்றுக்குத்தான் இன்னும் கவனம் வேண்டும். இந்தக் குடும்பத்து மரங்களுக்கு மேலே சொன்ன வளர்படலமே கிடையாது. உணவுக் குழாயும் தண்ணீர்க் குழாயும் தண்டு முழுக்கச் சிதறிக் கிடப்பதால் ஒரு வளையம் உரிந்தால் உடனே சாகாது, அது உண்மைதான். ஆனால் விழுந்த காயம் ஒருநாளும் மூடாது, மரம் இருக்கிற வரை வாய் திறந்தே இருக்கும். புதுக்காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு தேடி வரும், வந்து அதிலேயே முட்டை வைக்கும். இளம் தென்னையின் அடியில் நரம்பைக் கொண்டுபோவது அந்த வண்டுக்குக் கதவைத் திறந்து வைப்பது மாதிரி.

சரி, அப்போது மரத்தடிக் களையை எப்படித்தான் எடுப்பது?

மரத்தடியில் களையே இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் சொல்ல வருவதே இதுதான், மற்றதெல்லாம் இரண்டாம்பட்சம். மிஷின் மரத்துக்குக் கிட்டே போக ஒரு காரணமும் இருக்கக் கூடாது.

தூரைச் சுற்றி அரை மீட்டர், முடிந்தால் ஒரு மீட்டர் வரை புல்லை ஒரு தடவை கையால் எடுத்துவிட்டு, மூடாக்குப் போடுங்கள். காய்ந்த இலை, மரத்தூள் கலந்த சிராய், நார்க்கழிவு, வைக்கோல், எது கையில் கிடைக்கிறதோ அது. 5 முதல் 10 செ.மீ. கனம் போதும். அதைவிடக் குறைந்தால் களை துளைத்துக்கொண்டு வரும், கூடினால் மழைத்தண்ணீர் இறங்காது, காற்றும் போகாது. புல் ரொம்ப அடமாக இருந்தால் அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்து ஈரமாக்கி விரித்துவிட்டு மேலே மூடாக்குப் போடுங்கள், ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் டேப்பை மட்டும் முன்னாடியே உரித்துவிடுங்கள்.

ஒரே ஒரு விஷயத்தில் நிறையப் பேர் தவறுகிறார்கள். மூடாக்கைத் தூரோடு ஒட்டிக் கோபுரம் மாதிரி குவிக்கிறார்கள். அப்படிச் செய்தால் பட்டை எப்போதும் ஈரத்தில் ஊறி அழுகும், எலிகூட உள்ளே உட்கார்ந்து பட்டையைக் கடிக்கும். தூரிலிருந்து நாலு விரற்கடை இடைவெளி விட்டு வட்டமாகப் போடுங்கள். மக்கி இறங்கும்போது மேலே கொஞ்சம் சேர்த்தால் போதும். வேர் குளிர்ச்சியாக இருக்கும், மண்ணும் வளப்படும், நீங்களும் மரத்தடியில் குனிந்து நிற்க வேண்டியதில்லை.

மரத்துக்குக் காப்புச் சுற்றலாமா?

சுற்றலாம், கன்றுப் பருவத்தில் நல்ல யோசனை. தரைக்கு மேலே 20–30 செ.மீ. உயரம் போதும், ஆனால் கீழ்முனை தரையைத் தொட வேண்டும், நரம்பு அடிப்பது அங்கேதான். நெளிநெளியாக இருக்கும் பிளாஸ்டிக் வடிகால் குழாயை நீளவாக்கில் ஒரு பக்கம் கீறி, தூரைச் சுற்றி மாட்டிவிடலாம், மரம் பருக்கும்போது தானாக விரிந்து கொடுக்கும். கம்பி வலை என்றால் தூரைத் தொடாமல் தள்ளி நிற்கிற மாதிரி குச்சி நட்டுக் கட்டுங்கள். துணி, சாக்கு, கயிறு என்று இறுக்கமாகச் சுற்றுவது வேண்டாம். காப்புக்கும் பட்டைக்கும் நடுவில் ஒரு விரல் தாராளமாக நுழைய வேண்டும்.

வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழற்றிப் பாருங்கள். ஈரம், எறும்பு, கரையான் எல்லாம் உள்ளே குடியேறியிருக்கலாம். மறந்துபோய் விட்ட காப்பு மரத்தின் கழுத்தை நெரிக்கும், அப்புறம் நரம்பு செய்யாத வேலையைக் காப்பே செய்து முடித்துவிடும்.

மண்வெட்டியால் கொத்திவிட்டால் சுத்தமாக இருக்குமே?

பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தண்ணீரும் சத்தும் உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணில், ஓரடி ஆழத்துக்குள்தான் இருக்கின்றன. ஆழமாகக் கொத்தினால் அவற்றைத்தான் வெட்டுகிறீர்கள், மண்வெட்டி தூரில் பட்டால் நரம்பைவிட மோசம். களைக்கொத்தால் மேலாகச் சுரண்டுங்கள், அல்லது மழை பெய்த மறுநாள் கையால் பிடுங்குங்கள், வேரோடு வரும்.

களைக்கொல்லி அடித்துவிட்டால்?

முற்றிய மரத்தின் காய்ந்த பட்டை மேல் கொஞ்சம் பட்டால் பெரிதாக ஒன்றும் ஆகாமல் இருக்கலாம். இளம் மரத்தின் பட்டை பச்சையாக இருக்கும், கிளைபோசேட் போன்ற மருந்து அது வழியாகவும், தூரில் கிளம்பும் பக்கத்துளிர் வழியாகவும், முக்கியமாக மிஷின் செய்த புதுக்காயத்தின் வழியாகவும் உள்ளே போகும். காற்று அடிக்கும் நேரத்தில் தெளித்தால் எங்கே போய் விழும் என்று யாருக்கும் தெரியாது. என்னைக் கேட்டால் கன்றுக்குக் கிட்டே அது வேண்டாம், மூடாக்கே போதும்.

வேலிக்கு என்ன ஆகும்? கம்பி வேலிதானே?

எந்த வேலி என்பதைப் பொறுத்தது.

வலைக்கம்பி வேலியில் கம்பியைவிட உங்கள் நரம்புதான் அடிவாங்கும், கண்ணியில் மாட்டி நிமிடத்துக்கு ஒரு தடவை அறும். துத்தநாகம் பூசிய கம்பிக்கு நைலானால் பெரிய சேதம் இல்லை. ஆனால் மேலே பச்சை பிளாஸ்டிக் பூசிய கம்பி என்றால் அந்தப் பூச்சு கிழியும், கிழிந்த இடத்தில் தண்ணீர் இறங்கி உள்ளே துரு ஏறும், வெளியே தெரியாது. பெயிண்ட் அடித்த இரும்புக் கம்பத்துக்கும் இதே கதை, தரையை ஒட்டிய இடத்தில் பெயிண்ட் பெயர்ந்தால் அங்கேயே துருப்பிடித்து சில வருடத்தில் கம்பம் அடியோடு ஆடும்.

மர வேலிதான் ரொம்பப் பாவம். மரக்கம்பம் எப்போதும் மண்ணும் காற்றும் சேரும் இடத்தில்தான் உளுக்கும், ஏனென்றால் பூஞ்சைக்கு வேண்டிய ஈரமும் காற்றும் இரண்டும் அங்கே கிடைக்கின்றன. நரம்பு சரியாக அந்த இடத்தில் அடித்து, பூச்சையும் மருந்தேற்றிய மேல்தோலையும் நார்நாராகக் கிழித்துவிடுகிறது. பிளாஸ்டிக் பலகை வேலியில் கோடு விழும், வெயிலில் பழசாகி இறுகிப்போன பலகை என்றால் கீழ்முனை விரிசல் விடும். செங்கல் சுவரில் மூட்டுச்சாந்து உதிரும். கருங்கல் தூணுக்கு ஒன்றும் ஆகாது, நரம்புதான் தீரும்.

வேலியை ஒட்டி வெட்டும்போது எந்தப் பக்கமாக நடப்பது?

இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு, ஆனால் இதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. மிஷினின் தலை எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று முதலில் பாருங்கள், மூடியிலோ கியர்பெட்டியிலோ அம்புக்குறி இருக்கும். நேரான தண்டு உள்ள மிஷின்கள் பெரும்பாலும், மேலிருந்து பார்த்தால், இடஞ்சுழியாகச் சுற்றும். வளைந்த தண்டு உள்ளவற்றில் பல வலஞ்சுழி.

இடஞ்சுழி என்றால் வேலி உங்கள் வலது கைப்பக்கம் இருக்கும்படி நடங்கள். அப்போது முன்பக்க நரம்பு வேலியிலிருந்து வெளியே வீசும், வெட்டிய புல்லும் வேலியைவிட்டுத் தள்ளி விழும். இடது கைப்பக்கம் வைத்தால் நரம்பு நேராகக் கண்ணிக்குள் பாயும், கல்லும் தூசியும் உங்கள் காலுக்கே வரும். வலஞ்சுழி மிஷினுக்கு இதை அப்படியே மாற்றிக்கொள்ளுங்கள். மரத்தைச் சுற்றும்போதும் இதே கணக்குதான், இடஞ்சுழி மிஷினோடு மரத்தை வலம் வர வேண்டும்.

கிட்டே போயே ஆக வேண்டும் என்றால் எப்படி வெட்டுவது?

வேகத்தைக் குறையுங்கள். திறந்த வெளியில் முழு வேகம் சரி, மரத்துக்கும் வேலிக்கும் அருகில் புல் வெட்டுப்படும் அளவுக்கு மட்டும் விசையை அழுத்துங்கள். வெட்டுவது நரம்பின் கடைசி இரண்டு மூன்று செ.மீ. மட்டும்தான், அதனால் தலையைப் புல்லுக்குள் திணிக்காமல் நுனியால் வருடுங்கள். உள்ளே ஒரு வெட்டு, பின்வாங்கு, மறுபடி ஒரு வெட்டு, அப்படி. ஒரேயடியாகத் தரை மட்டத்துக்கு இறங்காமல் மேலிருந்து கீழாக இரண்டு தடவையில் வெட்டினால் உள்ளே என்ன ஒளிந்திருக்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

நரம்பும் முக்கியம். உருண்டை நரம்பு கொஞ்சம் சாது. சதுரம், நட்சத்திரம், முறுக்கு வடிவங்களுக்கு விளிம்பு உண்டு, புல்லையும் வேகமாக வெட்டும் பட்டையையும் வேகமாக வெட்டும். 3 மி.மீ. நரம்பு தடித்த களைக்கு, மரத்தடிப் புல்லுக்கு 2 மி.மீ. போதும், உங்கள் மிஷின் அதை ஏற்குமா என்று மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் அந்தப் பாதுகாப்பு மூடி. இடைஞ்சல் என்று கழற்றிப்போட்டுவிட்டு வெட்டுபவர்கள் நிறையப் பேர். மூடியில் இருக்கும் சின்னக் கத்திதான் நரம்பை அளவாக நறுக்குகிறது. அது இல்லாவிட்டால் நரம்பு நீண்டுகொண்டே போய், நீங்கள் தள்ளி நிற்பதாக நினைக்கும்போதே மரத்தை அடிக்கும், எஞ்சினும் திணறும். கல் தெறித்துக் கண்ணில் படுவது தனிக்கதை. கண்ணாடி போடாமல் இந்த மிஷினைத் தொடவே வேண்டாம், மற்றவர்களை 15 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். சில மிஷின்களில் தலைக்கு முன்னால் வளைந்த கம்பி ஒன்று மடக்கி வைத்திருப்பார்கள், அதை இறக்கிவிட்டால் கம்பி முதலில் மரத்தில் முட்டி நிற்கும், நரம்பு எட்டாது.

முள்கம்பி ஓரத்தில் இரும்பு பிளேடு போட்டு வெட்டலாமா?

கூடாது. பிளேடு கம்பத்தில் பட்டால் மிஷினே உதறித் திரும்பும், அறுந்த முள்கம்பித் துண்டு தோட்டா மாதிரி பறக்கும். அரிவாள் எடுங்கள்.

மின்வேலிக்குக் கீழே?

முதலில் சுவிட்சை அணையுங்கள். களை கம்பியைத் தொட்டால் மின்சாரம் அது வழியாக மண்ணுக்குக் கசிந்து வேலி வலுவிழக்கும், ஆகவே அங்கே களையை விட்டுவைக்கவும் முடியாது. நரம்பு பட்டால் காப்புக் கொக்கிகள் உடையும், பிளாஸ்டிக் இழையோடு பின்னிய கம்பி என்றால் அறுந்தே போகும். கீழ்க்கம்பிக்கு ஒரு சாண் கீழே மட்டும் வெட்டுங்கள், மிச்சத்தைக் கையால்.

வேலியடியில் நிரந்தரமாகக் களை வராமல் செய்ய முடியுமா?

வேலியின் இரு பக்கமும் ஒரு சாண் அகலத்துக்கு மண்ணைக் கொஞ்சம் எடுத்துவிட்டு, தண்ணீர் இறங்கும் தடித்த துணி விரித்து, மேலே சரளைக்கல் கொட்டுங்கள். நிரந்தரம் என்று சொல்ல மாட்டேன், மேலே தூசி படிந்து விதை முளைக்கும், ஆனால் அதைக் கையால் பிடுங்கிவிடலாம். சரளை மேல் நரம்பை ஓட்டாதீர்கள், அத்தனை கல்லும் பறக்கும். தட்டையான கல்லோ சிமெண்ட் பட்டையோ பதித்தால் இன்னும் சுத்தம். மர வேலி என்றால் பலகையின் கீழ்முனைக்கும் தரைக்கும் நடுவில் மூன்று நாலு விரல் இடைவெளி விட்டு அடியுங்கள், நரம்பு அடியில் போய்வரும், பலகையும் ஈரத்தில் நிற்காது.

உயிர்வேலி வைத்திருக்கிறேன். அதன் அடியில்?

மரத்துக்குச் சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும், ஒவ்வொரு செடிக்கும் தனி வட்டம் போடாமல் நீளமாக ஒரே மூடாக்குப் பட்டையாகப் போட்டுவிடுங்கள். அடர்ந்து வளர்ந்துவிட்டால் நிழலிலேயே களை அடங்கிவிடும்.

வெட்டுவது நான் இல்லை, கூலிக்கு ஆள் வருகிறார். அவரிடம் என்ன சொல்வது?

“பார்த்து வெட்டுங்க” என்று சொன்னால் போதாது, எல்லோரும் பார்த்துத்தான் வெட்டுகிறார்கள். அவர் வருவதற்கு முன்னால் கன்று ஒவ்வொன்றின் பக்கத்திலும் உயரமான குச்சி நட்டு நுனியில் பளிச்சென்று ஒரு துணி கட்டுங்கள். களை இடுப்பளவு வளர்ந்த பிறகு கன்று எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாது, அவருக்கு எப்படித் தெரியும்? சொட்டுநீர்க் குழாய், வால்வு இருக்கும் இடத்தையும் கூட நடந்து காட்டிவிடுங்கள். “குச்சியிலிருந்து ஒரு முழம் விட்டுடுங்க அண்ணே, அந்த இடத்தை நான் பார்த்துக்கிறேன்” என்று சொல்லுங்கள், அவருக்கும் வேலை மிச்சம். அந்த ஒரு முழத்தை அன்று சாயங்காலமே எடுத்துவிடுங்கள். நான் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று விட்டு, அது மறுபடி குச்சி உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது.